திருடப்படாதவர்

பல்கலைக்கழகம் ஒரு மென்பொருள் வாங்கியது. மாணவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் ஆய்வேடுகளில் எந்த வரி எங்கே சுட்டது என்று அது காட்டிக்கொடுக்கும். சுட்ட வரி திரையில் சிவப்பாகும், சொந்த வரி கறுப்பாகவே இருக்கும். தொடக்க விழாவில் யாராவது ஒரு மாணவனின் ஆய்வேட்டைப் போட்டுக்காட்டலாம் என்றார்கள். மாணவர் மனம் புண்படும் என்று துணைவேந்தர் மறுத்துவிட்டார்.

"நம்மிடம் இருப்பதிலேயே சுத்தமான நூலைப் போடுங்கள். ஒரு வரிகூடச் சிவக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார்.

நூலகர் அம்மாள், வரலாற்றுத் துறைத்தலைவர் எழுதிய போக்குவரத்து வரலாற்றைப் போட்டார். ஐந்து தொகுதி, இரண்டாயிரத்து அறுநூறு பக்கம்.

முதல் தொகுதி சிவந்தது. இரண்டாவதும் சிவந்தது. மூன்றாவது ஓடும்போது துணைவேந்தர், "சிவப்புன்னா சுத்தம்தானே?" என்று பதிவாளரிடம் மெல்லக் கேட்டார். பதிவாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். கடைசியில் கறுப்பாக மிஞ்சியது துறைத்தலைவர் தம் மனைவிக்கு எழுதிய சமர்ப்பணமும், நடுவில் எங்கோ இரண்டு மூன்று பக்கமும்தான். நன்றியுரை இல்லாமலே விழா முடிந்தது.

நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓடக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஓடக்காரர் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அதே வரலாற்றுத் துறையில் இணைப் பேராசிரியர். இருபத்திரண்டு வருடமாக ஆற்றுப் படகுத் துறைகளைப் பற்றி மட்டுமே எழுதிவந்தவர். எந்தத் துறையில் எத்தனை ஓடம் ஓடியது, வெள்ளம் வந்தால் துறை எவ்வளவு தூரம் தள்ளிப்போகும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். முழங்கால் நனைய நின்று சேகரித்த விஷயங்கள். போக்குவரத்து வரலாற்றைத் திருட்டில் எழுதிய ஒருவன் தன்னைத் தொடாமல் எழுதியிருக்க முடியாது என்று அவருக்கு நிச்சயமாகப் பட்டது. தன்னிடமிருந்து எவ்வளவு போயிருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டார். எப்படியும் நூறு பக்கம் தேறும்.

மறுநாள் காலையில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். வளாகத்து ஆசிரியர்களில் யாருடைய எழுத்து எத்தனை பக்கம் என்று நாற்பத்து மூன்று பெயர்கள். முதல் பெயர் அவருடைய சகலையுடையது. நாற்பத்தோரு பக்கம்.

இந்தச் சகலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடக்காரரின் மனைவிக்குத் தங்கையைக் கட்டியவர். வயதில் ஆறு வருடம் சின்னவர். அதே துறையில், அதே அறையில், எதிர் மேசையில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர். அவருடைய ஆராய்ச்சி பாலங்களைப் பற்றியது. பாலம் வந்த இடத்தில் ஓடத்துக்கு வேலை இல்லை என்பதை ஓடக்காரர் வரலாற்றிலும் படித்திருந்தார், மாமனார் வீட்டிலும் பார்த்திருந்தார்.

"அப்படியே வழிச்சு எடுத்திருக்கார் சகலை!" என்று பலகை முன்னால் நின்று சகலை கத்தினார். "நாப்பத்தோரு பக்கம்! ஒரு கமா கூட மாத்தல! இதெல்லாம் மனுஷன் செய்யற காரியமா?" குரலில் கோபம் இருந்தது. முகம் மட்டும் பிள்ளை மாநிலத்தில் முதலாவதாக வந்த அப்பனுடைய முகம்.

ஓடக்காரர் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தாளைத் தூக்கிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு நூலகத்துக்குப் போனார்.

"உங்க பேரு வரல சார்" என்றார் நூலகர். "சந்தோஷப்படுங்க."

"ரெண்டாம் தொகுதியில ஆத்துப் போக்குவரத்துன்னே ஒரு அத்தியாயம் இருக்கேம்மா."

"அது ஒரு மாணவியோட எம்.ஃபில். ஆய்வேடு சார். உங்ககிட்டதான் பண்ணியிருக்காங்க."

அந்தப் பெண்ணை ஓடக்காரருக்கு ஞாபகம் இருந்தது. ஆய்வேடு சரியில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

"தங்கச்சி போன் பண்ணினா" என்றாள் மனைவி. "அவ வீட்டுக்காரர் நாப்பத்தோரு பக்கம் பறிகொடுத்துட்டாராமே. அழுதா, பாவம்."

"அழுதாளா?"

"பெருமை தாங்காம. உங்களுது எத்தனை பக்கம்?"

ஓடக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டியதை எடுத்து மறுபடி மாட்டினார்.

"இல்ல."

"ஒரு பக்கம் கூடவா?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"சரி விடுங்க, நீங்க எழுதறது உங்க தலைவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாம என்ன? பதினெட்டு வருஷமா பக்கத்து ரூம். ஒவ்வொரு கட்டுரையும் வந்த அன்னைக்கே நானே கையில கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "கையில குடுத்துட்டா அப்புறம் எப்படிங்க திருடறது?"

ஓடக்காரர் அன்று சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றார். அதிகம் இல்லை.

பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை. கல்விசார் நேர்மை மீட்புக் குழு என்று ஒன்றை அமைத்தது. துணைவேந்தர் தலைவர், பதிவாளர் செயலர். குழு முதல் கூட்டத்திலேயே மூன்று நடவடிக்கை எடுத்தது. மென்பொருள் இருந்த கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டி முத்திரை வைத்தது. முன் அனுமதி பெறாமல் ஒரு நூலை முழுமையாகப் படிக்கச் செய்த குற்றத்துக்காக நூலகரை விளையாட்டுச் சாமான் கிடங்குக்கு மாற்றியது. திருட்டு என்ற சொல்லை வளாகத்துக்குள் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. நடந்ததற்கு 'மேற்கோள் குறி விடுபாடு' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெயர் துறைத்தலைவரின் விளக்கக் கடிதத்திலிருந்து எடுத்தது. எங்கள் காலத்தில் அடிக்குறிப்புப் போடும் வழக்கத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, மேற்கோள் குறி போட விட்டுப்போய்விட்டது, வேறொன்றும் இல்லை என்று அவர் எழுதியிருந்தார். குழு இதை ஏற்றது. முதல் தொகுதியின் முதல் வரிக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறியைத் திறந்து, ஐந்தாம் தொகுதியின் கடைசி வரிக்குப் பின்னால் மூடிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

ஆசிரியர் கூட்டத்தில் துணைவேந்தர் பேசினார்.

"இங்கே தவறு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்ததாக யாரும் எழுத்தில் தரவில்லை என்றுதான் சொல்கிறேன். எழுத்தில் தந்தவர்களின் கடிதங்கள் பரிசீலனையில் இருக்கின்றன. பரிசீலனையில் இருப்பவை இன்னும் வந்ததாக ஆகாது. நான் முப்பது வருடமாக நிர்வாகத்தில் இருக்கிறேன். என் மேசைக்கு ஒரு தவறுகூட வந்ததில்லை. வராதபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்." கைதட்டினார்கள். "இனி அந்த நாற்பத்து மூன்று பேர். அவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்றும் நடக்காதபோது எப்படிப் பாதிப்பு வரும்? நம் துறைத்தலைவர் தரமில்லாத எதையும் தொடமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரே தொட்டிருக்கிறார் என்றால் அதைவிட ஒரு தரச்சான்றை இந்தப் பல்கலைக்கழகத்தால் தர முடியுமா?"

முடியாது என்பதால் அதையே சான்றாக ஆக்கினார்கள். நாற்பத்து மூன்று பேருக்கும் மூல ஆசிரியர் என்று பட்டம். பதவி உயர்வில் எடுக்கப்பட்ட பக்கத்துக்கு ஒன்று வீதம் மதிப்பெண். வரலாற்றுத் துறையில் ஒரு பேராசிரியர் இடம் காலியாக இருந்தது. அதற்கு மனுப் போட்டிருந்தவர்கள் இரண்டே பேர், ஓடக்காரரும் சகலையும்.

அதன் பிறகு வளாகத்தின் பேச்சே மாறிவிட்டது. எதிரே வருகிறவர்கள் "உங்களுது எத்தனை?" என்று கேட்டுக்கொண்டார்கள். தமக்கு இருபத்தெட்டு என்று போட்டிருப்பது தவறு, தலைப்பையும் சேர்த்தால் இருபத்தொன்பது என்று ஒருவர் முறையிட்டார். ஐந்து தொகுதியிலும் உள்ள பக்க எண்கள் தம்முடையவை என்று கணிதத் துறைக்காரர் ஒருவர் மனுக் கொடுத்தார், அது பரிசீலனையில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத இளம் விரிவுரையாளர்கள் துறைத்தலைவரின் மேசையில் தங்கள் கட்டுரைகளை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். சகலை தம் மேசைப் பலகையில் பெயருக்குப் பின்னால் 'மூ.ஆ. 41' என்று எழுதிக்கொண்டார். அது ஓடக்காரரின் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது.

ஓடக்காரர் ஐந்து தொகுதியையும் வீட்டுக்கு எடுத்துவந்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். தன் வாக்கியம் ஒன்றாவது எங்காவது உருமாறிக் கிடக்கும் என்று நம்பினார். பத்தொன்பது நாள் படித்தார். வழியில் சகலையின் நாற்பத்தோரு பக்கமும் வந்தது. அதுவரை அவர் சகலை எழுதியதைப் படித்ததில்லை, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். இப்போது படித்தால் உண்மையாகவே நன்றாக இருந்தது. ஒரு பாலம் இடிந்து விழுவதற்கு முந்தின நாளைப் பற்றி இரண்டு பக்கம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். வயிறு எரிந்தது.

பத்தொன்பதாம் நாள், நான்காம் தொகுதியில் வெள்ளங்களைப் பற்றிய அத்தியாயத்தில், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் முடிகிற அவருடைய மூன்று பக்கம் கிடைத்தது. வெள்ளம் வந்த அன்று ஒரு துறையில் ஓடம் ஓட்டியதைப் பற்றி அவர் எழுதியது, எழுத்துக்கு எழுத்து அப்படியே. கடைசிப் பத்தியின் முடிவில் சின்னதாக 1 என்று ஓர் எண். பக்கத்தின் அடியில், அதைவிடச் சின்ன எழுத்தில், அவர் பெயர், கட்டுரையின் தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம். தலைப்பெழுத்துகூடச் சரியாக இருந்தது.

மறுநாளே குழு முன்னால் போய் நின்றார்.

"மூணு பக்கம் சார். அப்படியே எடுத்திருக்கார்."

பதிவாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உங்க பேரு போட்டிருக்காரே."

"போட்டா?"

"போட்டா அது மேற்கோள். மேற்கோளுக்கு மதிப்பெண் கிடையாது. அவர் உங்களுக்குப் பண்ண வேண்டிய மரியாதையைப் பண்ணிட்டார், அப்புறம் உங்களுக்கு நாங்க எதுக்கு மரியாதை பண்ணணும்?" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டியவர் நின்றார். மறுபடி முன்னால் புரட்டினார். "வேற எங்கயும் அடிக்குறிப்பு இல்லையே. இந்த ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார். மிச்சத்தையும் ராத்திரியே புரட்டிப் பார்த்துட்டேன்."

துணைவேந்தர் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது சரியில்லையே" என்றார். "அவருக்கு அடிக்குறிப்புப் போடத் தெரியாதுன்னுதானே நாம அறிக்கை எழுதியிருக்கோம். இதைப் பார்த்தா நல்லாவே போடத் தெரியும்போல இருக்கே. நேர்மையா ஒரு வரி எழுதினாரு பாருங்க, அதுதான் இப்ப நம்ம கழுத்தைப் பிடிக்குது." ஓடக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கேட்டு வாங்கினதா இது?"

"இல்லீங்க சார். எனக்கே நேத்துதான் தெரியும்."

பதிவாளருக்கு வழி தெரிந்துவிட்டது. அந்த அடிக்குறிப்பு அச்சகத்தின் பிழை என்று ஓடக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை நீக்கிவிடலாம். நீக்கிவிட்டால் மூன்று பக்கமும் பேர் இல்லாத பக்கங்களாகிவிடும். ஓடக்காரரும் மூல ஆசிரியர் ஆகிவிடுவார்.

"மூணு மதிப்பெண்தானே சார்."

"நேர்மையை மீட்க ஒத்துழைச்சவங்களுக்குச் சிறப்பு மதிப்பெண் ஐம்பது வரைக்கும் தர குழுவுக்கு அதிகாரம் இருக்கு" என்றார் பதிவாளர். "இப்பதான் எழுதினோம். நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள கையெழுத்து வேணும்."

ஐம்பத்து மூன்று. சகலைக்கு நாற்பத்தொன்று. ஓடக்காரர் படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டு எண்களையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் கால் நேரே துறைத்தலைவர் அறைக்குப் போனது. விசாரணை முடியும்வரை அவரை வகுப்பிலிருந்து விடுவித்திருந்தார்கள். மேசை நிறையப் புத்தகங்களை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஆறாம் தொகுதி.

"என்னுதை மட்டும் ஏன் சார் எடுக்கல?" என்றார் ஓடக்காரர். உட்காரக்கூட இல்லை.

"எடுத்தேனே. பேரும் போட்டேன்."

"அதைத்தான் கேக்கறேன். நாப்பத்து மூணு பேருக்குப் போடாத பேரை எனக்கு மட்டும் எதுக்குப் போட்டீங்க? நான் என்ன பாவம் பண்ணினேன்?"

துறைத்தலைவர் பேனாவை மூடினார்.

"மத்தவங்களுதை எடுத்து எழுதினா ரெண்டு நாள்ல அது நானே யோசிச்சதா ஆயிடும். உண்மையாத்தான் சொல்றேன். உங்க சகலையோட பாலமெல்லாம் இப்ப நான் கட்டின மாதிரியே இருக்கு எனக்கு. உங்களுதுல, வெள்ளத்துல ஓடம் போகுது, ஏறினவங்க ஒருத்தருக்கொருத்தர் ஆகாதவங்க, நடு ஆத்துல யாரும் சொல்லாமலே பக்கத்துல இருக்கறவன் கையைப் பிடிச்சுக்கறாங்கன்னு ஒண்ணு வருது பாருங்க. அதை நாலு தடவை என் கையெழுத்துல எழுதிப் பார்த்தேன். நாலு தடவையும் உங்களுதாவே இருந்துச்சு. எரிச்சலா வந்துச்சு. ஒரு வாரம் உங்க மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல. சனியனே ஒழின்னு பேரைப் போட்டுட்டேன்."

ஓடக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதோட" என்றார் துறைத்தலைவர், "எனக்குத் தண்ணின்னா பயம். ஓடத்துல கால் வெச்சதே கிடையாதுன்னு இந்த ஊருக்கே தெரியும். நான் எழுதினேன்னா யார் நம்புவா?"

இரண்டாவது காரணத்தை ஓடக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நடந்து போனார். இருபத்திரண்டு வருடமாகப் பொறாமையை உள்ளே வைத்துக் காப்பாற்றியவர் அவர். அது எவ்வளவு கனம், எந்த நேரத்தில் கிள்ளும், எப்படித் தூங்கவிடாது என்று அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தன்னைப் பார்த்து இன்னொருவன் ஒரு வாரம் அப்படிக் கிடந்திருக்கிறான் என்பதை நம்ப முடியாமல் வழியில் இரண்டு முறை நின்றார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டா பேராசிரியர். போடலன்னா?"

"பேரு இருக்கும்."

"எங்க?"

"நாலாம் தொகுதி, முன்னூத்திப் பன்னெண்டாம் பக்கம், அடியில."

"பெரிய எழுத்திலயா?"

"சின்ன எழுத்துல."

"கண்ணாடி போட்டாத்தான் தெரியுமா?"

"ஆமா."

அவள் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். "நீங்க என்னமோ பண்ணிக்கங்க. தங்கச்சி போன் பண்ணினா நான் என்ன சொல்றதுன்னு அதை மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

மறுநாள் பதினொரு மணிக்கு ஓடக்காரர் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று பதிவாளர் கேட்டதற்கு, "பிழை இல்லையே சார்" என்று மட்டும் சொன்னார். நேர்மை மீட்புக்கு ஒத்துழைக்க மறுத்ததற்காக அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதே வாரம் சகலை பேராசிரியர் ஆனார், தனி அறை கொடுத்தார்கள். அடுத்த வாரம் நேர்மை மையம் ஒன்று தொடங்கித் துறைத்தலைவரை அதன் இயக்குநராக்கினார்கள். "இந்த விஷயத்தில் நம்மிடையே நேரடி அனுபவம் உள்ள ஒரே அறிஞர்" என்றார் துணைவேந்தர். அது பொய் இல்லை.

அடிக்குறிப்பு மட்டும் பாக்கி இருந்தது. குழு அதற்கும் தீர்மானம் போட்டது. நூலகத்தில் இருந்த அத்தனை பிரதியிலும் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தார்கள். ஒட்டியதைப் பார்த்த மாணவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார்கள். நூலகம் மறுபடி ஒட்டியது, அவர்கள் மறுபடி சுரண்டினார்கள். ஐந்து தொகுதியில் யாரும் எதையும் படித்ததில்லை, அந்தப் பக்கத்தை மட்டும் வளாகமே படித்தது. படித்தவர்களில் சிலர் ஓடக்காரரை வராந்தாவில் நிறுத்தி, அந்த ஓடம் கரை சேர்ந்ததா என்று கேட்டார்கள்.

ஒரு நாள் மதியம் சகலை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். புது அறை, புது மேசை, இரண்டு ஜன்னல். ஓடக்காரரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"சகலை, இதை வீட்டுல வெச்சுக் கேக்க முடியாது. அவரு ஏன் உங்களுக்கு மட்டும் பேரு போட்டாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"என்னுது நாப்பத்தோரு பக்கம். எனக்குப் பட்டம் குடுத்தாங்க, ரூம் குடுத்தாங்க, எல்லாம் சரி. ஆனா நாப்பத்தோரு பக்கத்துல எங்கயாவது ஒரு இடத்துல, சின்னதா ஒரு எண்ணு, அடியில என் பேரு, ஒண்ணே ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா? இடிஞ்ச பாலத்தைப் பத்தி எழுதினேனே, அங்கயாவது?" நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "ஒரு வாரமா தூக்கம் இல்ல. நீங்க அன்னைக்கு அவரைப் போய்ப் பார்த்தீங்களாமே. ஏதாவது சொன்னாரா?"

அவருக்குத் தண்ணீர் என்றால் பயம், அதனால்தான் என்று சொல்லியிருந்தால் சகலை அன்று தூங்கியிருப்பார். இடிந்த பாலத்தைப் பற்றிய இரண்டு பக்கம் தன் வயிற்றை எரித்தது என்று சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகத் தூங்கியிருப்பார். இரண்டும் ஓடக்காரரின் நாக்கு நுனிவரை வந்தன.

"ஒண்ணும் சொல்லல சகலை" என்றார்.

சகலை தலையை ஆட்டினார். மேசைமேல் இருந்த ஒரு பேனாவை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார், பிறகு அந்தப் பக்கம் வைத்தார். வெளியே அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. வகுப்பு ஓடக்காரருக்குத்தான். மாணவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தும் அவர் எழுந்திருக்காமல், சகலையின் முகத்தையே பார்த்தபடி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.